மழைக்கு முன் மனைக்கு ஒரு துணி வேலி: எண்ணூர்ப் பக்கம் வீடு கட்டுபவர்களுக்கு

மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கம் தாழ்வான மனையில் முதல் வேலையே மண்ணடித்து மேடாக்குவதுதான். ரோட்டை விட மூன்றடி உயர்ந்து நிற்கும் அந்தப் புது மண் ஐப்பசி மழையில் கரைந்து வடிகாலில் இறங்கும். அங்கிருந்து கொசஸ்தலையாறு, பிறகு எண்ணூர் கழிமுகம். உங்களுக்கு லோடுக் காசு நஷ்டம். அங்கே இறாலுக்கும் அலையாத்திக்கும் சேறு.

கணக்கு எளிது. ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 2,230 லிட்டர். ஒரே நாளில் 10 செ.மீ. கொட்டினால் 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட இரண்டு. இவ்வளவையும் தேக்க முடியாது. தண்ணீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும்.

முதலில் வேலி. மூன்றடி அகல ஜியோடெக்ஸ்டைல் துணியும் (தண்ணீரை வடியவிட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி), நான்கடி சவுக்குக் கம்புகளும் போதும். மேட்டின் உச்சியில் கட்டாதீர்கள். சரிவின் அடியிலிருந்து மூன்றடியாவது தள்ளிக் கட்டினால்தான் வண்டல் தங்க இடம் இருக்கும். ஆறடிக்கு ஒரு கம்பு, இரண்டடி ஆழம். கம்பு ரோட்டுப் பக்கம், துணி மனைப் பக்கம். மாற்றிக் கட்டினால் தண்ணீரின் தள்ளலில் ஆணி பிடுங்கிக்கொண்டு துணி வந்துவிடும்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த வேலையில். துணியின் அடி விளிம்பு தரையைத் தொட்டு நின்றால் போதாது. மண்ணுக்குள் புதைய வேண்டும். கம்பு வரிசையை ஒட்டி ஆறு அங்குல அகலம், ஆறு அங்குல ஆழத்தில் கால்வாய் பறியுங்கள். துணியை ஆறு அங்குலம் உள்ளே இறக்கி, இன்னொரு ஆறு அங்குலத்தைக் கால்வாயின் தரையில் மேட்டுப் பக்கமாக மடித்துப் போட்டு, மண் மூடித் திமிசால் இடியுங்கள். மேலே இரண்டடி நிற்கும். பிறகு துணியைக் கையால் மேலே இழுத்துப் பாருங்கள். நழுவினால் மறுபடி இடிக்க வேண்டும். புதைக்காத வேலி பார்க்க ஜோராக இருக்கும், செம்மண் தண்ணீர் அடியில் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இரு முனைகளையும் மேட்டுப் பக்கமாக நான்கடி வளைத்து விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஓரமாகச் சுற்றிப் போகும். வண்டல் பாதி உயரத்துக்கு வருமுன் வாரிவிட வேண்டும்.

பச்சை நிழல்வலை வேண்டவே வேண்டாம், அதன் கண்ணில் மணலே நுழையும். சிமெண்ட் சாக்கைத் தைத்துக் கட்டினால் தண்ணீர் சரியாக வடியாமல் வேலியே சாயும்.

அடுத்தது, மனையின் தாழ்ந்த மூலையில் வண்டல் குழி. கிரவுண்டுக்கு 200 கன அடி என்று வைத்துக்கொள்ளலாம்: நீளம் 14, அகலம் 6, ஆழம் இரண்டரை அடி. இங்கே ஆழமாகத் தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் ஏறி, மழைக்கு முன்பே குழி நிறைந்து நிற்கும். அதனால் அகலத்தைக் கூட்டுங்கள், ஆழத்தைக் கூட்டாதீர்கள். தண்ணீர் ஒரு குறுகிய பக்கத்தில் நுழைந்து எதிர்ப்பக்கத்தில் முக்கால் அங்குல ஜல்லி பரப்பிய தாழ்ந்த கரை வழியே வழிய வேண்டும். மணல் இதில் படியும், களிமண் படியாது. களிமண்ணைத் தடுக்க நல்ல வழி வெறும் மண்ணை வைக்கோலாலோ தென்னைநார்ப் பாயாலோ மூடி வைப்பது. ஐப்பசி, கார்த்திகையில் கடைக்கால் (அஸ்திவாரம்) பறிப்பதைத் தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது.

கடைக்கால் குழித் தண்ணீரை மோட்டார் போட்டு நேராக வடிகாலில் விடாதீர்கள், வண்டல் குழிக்கு விடுங்கள். ஓட்டை போட்ட பக்கெட்டுக்குள் உறிஞ்சு குழாயை வைத்து, பக்கெட்டைச் சுற்றித் துணி கட்டினால் சேறு ஏறாது. கலவை மிஷின் கழுவிய தண்ணீரை இந்தக் குழியிலும் விடக் கூடாது; சிமெண்டின் காரம் மீனுக்கு ஆகாது. தார்ப்பாய் விரித்த தனிப் பள்ளத்தில் விட்டுக் காயவைத்து, இறுகியதை உடைத்து எடுங்கள்.

பின்சேர்க்கை: வேலி, குழி எல்லாம் சரியாக இருந்தும் ரோடு சேறாகிறது என்றால் காரணம் லாரி டயர். வாசலில் ஒரு லாரி நீளத்துக்காவது ஒன்றரை அங்குல ஜல்லியை ஆறு அங்குல கனத்தில் போடுங்கள். அடியில் அதே துணியை விரிக்க மறந்தால், நாலு லோடு வந்து போவதற்குள் ஜல்லி சேற்றில் புதைந்துவிடும்.