அரசு உதவியில் கடன் எது, மானியம் எது: சேலத்துச் சிறுதொழில் செய்வோருக்கு

கொரோனா ஊரடங்கின்போது, 2020 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தை மானியம் என்று சொல்வோர் இன்றும் உண்டு. அது கடன்தான். 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை, புதிய அடமானம் கேட்காமல் கூடுதலாகக் கொடுத்தார்கள். அசலைக் கட்ட ஓராண்டு அவகாசம் இருந்தது. 5 லட்சம் நிலுவை வைத்திருந்தவருக்கு 1 லட்சம் கிடைத்தது. கடனே வாங்காதவருக்கு ஒன்றுமில்லை.

இந்த இடத்தில்தான் கொலுசுப் பட்டறைக்காரர் சிக்கிக்கொள்கிறார். வியாபாரி எடை போட்டுத் தரும் வெள்ளியை வாங்கிக் கொலுசாக்கிக் கூலி பெறுபவருக்கு, கொடுத்த வெள்ளி இத்தனை கிராம், திரும்பிய கொலுசு இத்தனை, சேதாரம் இவ்வளவு என்று எழுதிய கோடு போட்ட நோட்டுதான் கணக்கு. தொழிலுக்கு அது போதும். வங்கி மேலாளருக்குப் போதாது. ஆகவே, கூலியில் ஒரு பகுதியையாவது வங்கிக் கணக்கின் வழியாக வாங்கத் தொடங்குங்கள்.

அடுத்து உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதார் எண்ணும் பான் எண்ணும் கையில் இருந்தால் இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். அரசு இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

உண்மையான மானியம் வேண்டுவோர், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திற்கு இணையத்தில் விண்ணப்பித்து, மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். இது முதன்மையாகப் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானது. ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் 10 லட்சம் ரூபாயில் காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கூடம் அமைப்பதாகக் கொள்வோம். அவர் கைப்பணம் 50,000, மீதி 9.5 லட்சம் வங்கிக் கடன்; ஊரகப் பெண் என்பதால் மானியம் 35 சதவீதம், அதாவது 3.5 லட்சம். ஆனால் அந்தப் பணம் அவர் கைக்கு வராது: வங்கியிலேயே மூன்று ஆண்டுகள் வைப்பாக இருந்து, தொழில் நடப்பது உறுதியான பிறகே கடனில் கழிக்கப்படும். கூடத்தை இடையில் மூடினால் மானியம் கைநழுவும் என்பதைக் கணக்கில் வைத்தே திட்ட அறிக்கையை எழுத வேண்டும்.

அறிக்கையுடன் வறுக்கும் இயந்திரத்தின் விலைப்புள்ளியை இணையுங்கள். வங்கி ஒப்புதல் கைக்கு வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.