காண்டம் கிழிஞ்சா முதல் 72 மணி நேரம், மத்தபடி 3 மாசத்துக்கு ஒரு டெஸ்ட்: பாலியல் தொழில் செய்ற பெண்களுக்கு

"எனக்கு அரிப்பு இல்ல, புண்ணு இல்ல, நாத்தம் இல்ல, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?" இந்த கேள்வில இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா இந்த நினைப்புதான் நிறைய பேர கவுத்து விடுது. உடலுறவுல பரவுற கிளமிடியாவும், கொனோரியான்னு சொல்ற வெட்டை நோயும் பொம்பளைங்க உடம்புல பெரும்பாலும் சத்தமே போடாது. அதே வழில பரவுற சிபிலிஸ் இன்னும் கெட்டிக்காரன். முதல்ல வர்ற புண்ணு வலிக்காது, உள்ள கருப்பை வாய் பக்கம் வந்துச்சுன்னா கண்ணுக்கும் தெரியாது, 3 வாரத்துல இருந்து 6 வாரத்துக்குள்ள மருந்தே இல்லாம ஆறிடும், அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு உள்ளங்கைல உள்ளங்கால்ல தடிப்பு வரும், அதுவும் தானா போயிடும், நாம "சூடு ஒத்துக்கல போல"ன்னு விட்டுடுவோம், ஆனா கிருமி உடம்புக்குள்ளயே உக்காந்திருக்கும். அதனால உடம்ப பாத்து டெஸ்ட்டுக்கு போகாதீங்க, காலண்டர பாத்து போங்க.

பல பேரோட வேலை செய்றவங்களுக்கு 3 மாசத்துக்கு ஒரு தடவை நல்ல கணக்கு. ரத்தத்துல ஹெச்ஐவி, சிபிலிஸ். கொனோரியா, கிளமிடியா, அப்புறம் ட்ரைக்கோமோனஸ்னு இன்னொரு பாலியல் தொற்று, மூணுக்கும் உள்ள இருந்து பஞ்சுக்குச்சில மாதிரி எடுத்து பாப்பாங்க, அத நீங்களே பாத்ரூம்ல எடுத்து குடுக்கலாம், கால விரிச்சு படுக்கணும்னு எல்லா இடத்துலயும் அவசியம் இல்ல. வாய்வழி பண்றவங்க தொண்டைலயும் எடுக்க சொல்லுங்க, பின்வழி பண்றவங்க அங்கயும். இத யாரும் தானா கேக்க மாட்டாங்க, நீங்கதான் வாய் திறக்கணும். தொண்டைல இருக்கற கொனோரியா யூரின் டெஸ்ட்ல வரவே வராது, ரிப்போர்ட் "நெகட்டிவ்"னு வந்துடும், நீங்களும் நிம்மதியா வந்துடுவீங்க.

இன்னொரு ஏமாத்து வேலை, நேத்து பயந்துட்டு இன்னைக்கே டெஸ்ட் எடுக்கறது. கிருமி உள்ள வந்த உடனே எந்த டெஸ்ட்லயும் தெரியாது. கொனோரியா, கிளமிடியாவுக்கு 2 வாரம் கழிச்சு பாக்கணும். சிபிலிஸ்க்கு 3 மாசம் வரைக்கும் கூட ஆகலாம். ஹெச்ஐவிக்கு லேப்ல ரத்தம் எடுத்து பாக்கற நாலாம் தலைமுறை டெஸ்ட்னா 45 நாள், விரல்ல குத்தி பாக்கற ரேபிட் கிட்னா 90 நாள் ஆனாதான் "இல்ல"ன்றத நம்பலாம். அதனால இன்னைக்கு ஒண்ணு எடுத்து, தேதி குறிச்சு வெச்சு மறுபடி எடுங்க.

இப்ப காண்டம் கிழிஞ்ச ராத்திரிக்கு வருவோம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல உள்ள தண்ணி, சோப்பு, டெட்டால், எலுமிச்சை, எதையும் பீச்சி கழுவாதீங்க. பதட்டத்துல எல்லாரும் பண்றது இதுதான், ஆனா உள்ள கழுவினா நல்ல பாக்டீரியா போயிடும், மேல்தோல் புண்ணாகும், கிருமி உள்ள ஏற வழி நாமளே போட்டு குடுத்த மாதிரி ஆயிடும். வெளில தண்ணில கழுவுங்க, யூரின் போங்க, போதும். அப்புறம் மணி என்னன்னு பாத்து ஃபோன்ல எழுதி வைங்க, ஏன்னா அடுத்து எல்லாமே அந்த மணிய வெச்சுதான். ஹெச்ஐவி வராம தடுக்கற பெப் மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 72 வரைக்கும் இருக்கேன்னு உக்காந்திருக்க கூடாது, எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, ஆரம்பிச்சா 28 நாள் ஒரு நாள் கூட விடாம போடணும். நடுவுல குமட்டல் வருதுன்னு நிறுத்துறவங்க நிறைய, நிறுத்தாதீங்க, சாப்பாட்டோட போடலாமா, வாந்திக்கு ஏதாவது தருவாங்களான்னு குடுத்த இடத்துலயே கேளுங்க. பெப் போட்டவங்களுக்கு மேல சொன்ன டெஸ்ட் கணக்கு கொஞ்சம் தள்ளி போகும், அந்த தேதியையும் அவங்க கிட்டயே கேட்டு வாங்கிக்கோங்க.

கர்ப்பம் ஆகாம தடுக்க தனி கணக்கு. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள, யுலிப்ரிஸ்டல்னா 120 மணி நேரம் வரை, கருப்பைக்குள்ள வைக்கற காப்பர் டின்னா 5 நாளுக்குள்ள வெச்சா வேலை செய்யும், மூணுலயும் கெட்டியானது காப்பர் டிதான், அதுக்கப்புறம் வருஷக்கணக்கா கவலை இல்ல. மாத்திரை போட்டு 3 மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா இன்னொண்ணு போடணும். டிபி மருந்து, வலிப்பு மருந்து சாப்பிடுறவங்க அத மறைக்காம சொல்லுங்க, சிலது இந்த மாத்திரையோட பலத்த குறைச்சிடும். 3 வாரம் கழிச்சு ஒரு கர்ப்ப டெஸ்ட் பாத்துடுங்க. கல்லீரல தாக்கற ஹெபடைடிஸ் பிக்கு தடுப்பூசி இதுவரை போடலன்னா அதயும் அந்த விசிட்லயே கேளுங்க, மொத்தம் 3 டோஸ், முடிக்க 6 மாசம் ஆகும்.

கிழியாம பாத்துக்கறது எப்படி? ஈரம் இல்லாம உரசினாதான் பாதி கிழியுது, அதுவும் ஒரே ராத்திரில நிறைய பேருன்னா உடம்பு தானா ஈரம் குடுக்காது, அது உங்க தப்பு இல்ல. தண்ணி பேஸ் இல்லன்னா சிலிக்கான் பேஸ் ஜெல் தாராளமா போடுங்க. தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில், லோஷன் எதுவும் லேடெக்ஸ் காண்டம் மேல படக்கூடாது, சில நிமிஷத்துலயே ரப்பர் பலம் போயிடும். டபுள் காண்டம் போட்டா டபுள் சேஃப்டின்னு நினைப்பாங்க, உரசி ரெண்டும் கிழியும், ஆணுறையும் பெண்ணுறையும் ஒண்ணா போட்டாலும் அதே கதைதான். விந்தணுவ கொல்ற மருந்தான நானாக்சினால்-9 காண்டம், ஜெல் லேபிள்ல போட்டிருந்தா வாங்காதீங்க. கிருமிய கொல்லும்னு நம்பி பாலியல் தொழிலாளிங்க கிட்டயே ஆராய்ச்சி பண்ணாங்க, 2002ல ரிசல்ட் வந்துச்சு, அந்த ஜெல் அடிக்கடி போட்டவங்களுக்கு ஹெச்ஐவி கூடுதலா வந்திருந்துச்சு, உள்தோல அது அரிச்சிடுது. அப்புறம் பொசிஷன் மாத்தும்போது கைய வெச்சு காண்டம் இருக்கான்னு தடவி பாருங்க, நடுவுல கழட்டி போடுற ஆளுங்க இருக்காங்க. பின்வழில இருந்து முன்வழிக்கு வந்தா புது காண்டம்.

குடிச்சிட்டு வர்ற ஆளுங்களுக்கு பெண்ணுறை நல்ல ஆயுதம், 8 மணி நேரம் முன்னாடியே உள்ள வெச்சுக்கலாம், அவன் கிட்ட கெஞ்ச வேண்டாம். முதல் ரெண்டு தடவை சத்தம் போடும், வழுக்கும், வீட்ல தனியா பழகிட்டு எடுத்துட்டு போங்க.

வேணாம்னு அடம் பிடிக்கற கஸ்டமர எப்படி சமாளிக்கறது? பேச்ச ரூமுக்குள்ள ஆரம்பிக்காதீங்க, ரேட் பேசும்போதே "காண்டமோட இவ்ளோ"ன்னு சேத்து பேசிடுங்க, அப்ப அது சண்டையா தெரியாது, விலைல ஒரு பகுதியா தெரியும். "உங்க வீட்ல பொண்டாட்டி இருக்காங்கல்ல, உங்களுக்காகத்தான் சொல்றேன்"னு சொன்னா சில பேர் அடங்குவாங்க. கைவேலை, தொடை இடுக்குன்னு வேற வழிக்கு மாத்தலாம். டபுள் காசு தரேன்னு சொல்றவன்தான் ஆபத்தானவன், ஏன்னா அவன் அதே டீல நேத்து வேற எடத்துல பேசி இருப்பான். இங்க ஒத்த ஆளா நின்னா தோத்துடுவோம், ஒரே எடத்துல வேலை செய்ற எல்லாரும் பேசி வெச்சு "இங்க யாருமே காண்டம் இல்லாம கிடையாது"ன்னு சொன்னாதான் அது நிக்கும், ஒருத்தி இறங்கினா மத்தவங்க பேரமும் இறங்கிடும். ஆனா அவன் கை ஓங்குறான், கத்தி வெச்சிருக்கான்னா உயிர்தான் முதல்ல, காண்டம் அப்புறம், வெளில வந்து மேல சொன்ன 72 மணி நேர கணக்க ஆரம்பிச்சுக்கலாம். கிழிச்சது அவன், அதுக்கு நீங்க குற்ற உணர்ச்சி பட வேண்டியதில்ல.

இதுல யாரும் பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு. கஸ்டமர் கிட்ட கறாரா காண்டம் போடுற பொண்ணே வீட்டு ஆளு கிட்ட, லவ்வர் கிட்ட போடுறதில்ல. போட சொன்னா "என்ன கஸ்டமர் மாதிரி நடத்துறியா"ன்னு கேப்பான், நமக்கும் அந்த ஒரு எடமாவது வேலை மாதிரி இல்லாம இருக்கணும்னு தோணும், புரியுது. ஆனா தொற்று நிறைய தடவை அந்த வழியாத்தான் வருது, அவனுக்கு வெளில யாராவது இருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து டெஸ்ட் எடுக்க கேளுங்க, ஒத்துக்கலன்னா உங்க கைல இருக்கற வழி ப்ரெப், அதாவது ஹெச்ஐவி வராம இருக்க முன்கூட்டியே போடுற மருந்து. தினம் ஒரு மாத்திரை, 7 நாள் விடாம போட்டப்புறம்தான் முழு பாதுகாப்பு. ஆம்பளைங்களுக்கு சொல்ற "உடலுறவுக்கு முன்னாடி ரெண்டு, அப்புறம் ஒண்ணு, இன்னொண்ணு" கணக்கு நமக்கு பொருந்தாது, பெண்ணுறுப்பு திசுல மருந்து சேர நேரம் ஆகும். மாத்திரைய மறைச்சு வைக்க முடியாதவங்களுக்கு 2 மாசத்துக்கு ஒரு தடவை போடுற கேபோடெக்ராவிர் ஊசி இருக்கு, 6 மாசத்துக்கு ஒண்ணு போடுற லெனாகாபாவிர் வந்திருக்கு, அத 2025 ஜூலைல உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை பண்ணிடுச்சு, எல்லா ஊர்லயும் இன்னும் கிடைக்காது, கேட்டு பாருங்க. இதெல்லாம் ஹெச்ஐவிக்கு மட்டும்தான், சிபிலிஸையோ கர்ப்பத்தையோ தடுக்காது. அவனுக்கு ஹெச்ஐவி இருந்து, மருந்து ஒழுங்கா சாப்பிட்டு, ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுல தொடர்ந்து இருந்தா உடலுறவுல பரவாது, அதுக்கும் ரிப்போர்ட்ட கண்ணால பாத்துட்டு நம்புங்க.

மெடிக்கல் ஷாப்ல போய் "வெள்ளப்படுதுக்கு ஒரு செட்"னு வாங்காதீங்க. மீன் நாத்தம் ஒண்ணு, தயிர் மாதிரி கட்டியா வந்து அரிக்கறது ஒண்ணு, பச்சை மஞ்சளா நுரையா வர்றது ஒண்ணு, மூணுக்கும் மருந்து வேற வேற. கொனோரியாவுக்கு பழைய மாத்திரைங்க நிறைய இடத்துல கேக்கறதே இல்ல, இப்ப செஃப்ட்ரியாக்ஸோன் ஊசிதான். சிபிலிஸ்க்கு பென்சதைன் பென்சிலின், இடுப்புல குத்துவாங்க, வலிக்கும், அன்னைக்கு ராத்திரி காய்ச்சலும் வரலாம், மருந்து ஒத்துக்கலன்னு பயந்துடாதீங்க, கிருமி சாகறப்ப அப்படி வரும். "முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுட்டா எதுவும் வராது"ன்னு சொல்றத நம்பாதீங்க, உடலுறவுக்கு அப்புறம் டாக்ஸிசைக்ளின்ற ஆன்டிபயாடிக்க போட சொல்லி கென்யாவுல பெண்கள் கிட்ட பண்ண ஆராய்ச்சிலயே, 2023ல வந்தது, பலன் தெரியல.

சிகிச்சை முடிஞ்சு 7 நாள் உடலுறவு வேணாம்னு சொல்லுவாங்க. வருமானம் போகுதேன்னு கஷ்டம்தான், முடிஞ்ச வரை கைவேலையோட ஓட்டுங்க, வீட்டு ஆளும் சேர்ந்து மருந்து எடுக்கணும், இல்லன்னா அவன் கிட்ட இருந்தே திரும்ப வரும். 3 மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட்.

மாதவிடாய் நேரத்துல ஸ்பாஞ்ச் வெச்சு வேலை செய்றவங்க அத எடுக்க மறந்துடாதீங்க, காய்ச்சல், தலைசுத்தல், உடம்பெல்லாம் சிவப்பா தடிப்புன்னா உடனே எடுத்துட்டு ஆஸ்பத்திரி. அதே மாதிரி அடிவயிறு வலியோட காய்ச்சல், இல்லன்னா நாள் தள்ளி போய் ஒரு பக்கமா குத்துற வலி, ரெண்டுலயும் நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க, முதல்ல சொன்னது தொற்று கருக்குழாய்க்கு ஏறினதா இருக்கலாம், ரெண்டாவது குழாய்லயே கரு தங்கினதா இருக்கலாம். கர்ப்பமா இருந்தா சிபிலிஸ் டெஸ்ட்ட தள்ளி போடவே கூடாது, குழந்தைக்கு போயிடும். கருப்பை வாய் புற்றுநோய் ஸ்க்ரீனிங் 30 வயசுல ஆரம்பிக்கலாம், ஹெச்ஐவி இருந்தா 25லயே.

கடைசியா கிளினிக்ல என்ன பேசறது. தொழில சொல்றது ஆபத்துன்னு தோணினா சொல்ல வேண்டாம், "எனக்கு நிறைய பார்ட்னர் உண்டு, வாய்வழியும் உண்டு, எல்லா எடத்துலயும் டெஸ்ட் எடுங்க"ன்னு சொன்னாலே டாக்டருக்கு வேண்டியது கிடைச்சிடும். உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கறது, ரிசல்ட்ட மேனேஜர் கிட்ட குடுக்கறது ரெண்டுமே தப்பு, ரிப்போர்ட்ட உங்க கைல குடுங்கன்னு கேளுங்க. முகத்த சுளிக்கற நர்ஸ் இருந்தா அடுத்த தடவை தோழி ஒருத்திய கூட்டிட்டு போங்க, இல்ல எடத்தையே மாத்துங்க, தேதிய மட்டும் மாத்தாதீங்க.