படித்தது நினைவில் நிற்க ஒரு வாசனை

பழைய பெட்டியைத் திறந்ததும் வரும் வாசனையில் என்றோ மறந்துபோன ஒரு மதியப்பொழுது அப்படியே கண்முன் வந்து நிற்கும். காரணம் மூளையின் அமைப்புதான். பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்தே உள்ளே போகின்றன. மணமோ அங்கே நிற்காமல், உணர்ச்சியைக் கவனிக்கும் அமிக்டலாவுக்கும் நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் குறுக்குவழியில் போய்விடுகிறது.

இதைப் படிப்புக்குப் பயன்படுத்தலாம். தினமும் முகராத ஒரு மணத்தைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான சோப்பு, சென்ட் வேண்டாம், அவற்றோடு ஏற்கெனவே ஆயிரம் நினைவுகள் ஒட்டியிருக்கும். கைக்குட்டையில் ஒரே ஒரு சொட்டு. நினைவில் நிற்க வேண்டிய பாடத்தைப் படிக்கும்போது மட்டும் எடுத்து முகருங்கள், பிறகு டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். திறந்தே வைத்தால் சில நிமிடங்களில் மூக்குக்குப் பழகிவிடும், மணமே தெரியாது.

தேர்வுக்குக் கிளம்பும் முன் அதையே ஒருமுறை முகர்ந்து பாருங்கள். இரவில் தலைமாட்டிலும் வைக்கலாம். 2007-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், ரோஜா மணத்தோடு அட்டைகளின் இடங்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஆழ்ந்த தூக்கத்திலும் அதே மணத்தைக் காட்டியபோது, மறுநாள் இடங்கள் கூடுதலாக நினைவிருந்தன. புத்தகத்தையே திறக்காதவருக்கு ரோஜாத் தோட்டமே வைத்தாலும் பலிக்காது, அது வேறு விஷயம்!