ஆற்றங்கரைக் கல்லில் மின்னுவது பொன்தானா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பகாங் மாநிலத்து ரவூப் பட்டணத்தில் தங்கம் என்ற பேச்சு நகைக்கடையோடு நின்றுவிடுவதில்லை. 1889ஆம் ஆண்டில் வில்லியம் பிபியின் முயற்சியால் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. அன்றிலிருந்து இம்மண்ணில் பொன் உண்டு என்பதைச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். கனமழை பெய்து ஓய்ந்தபின், செம்பனைத் தோட்டங்களுக்கு ஊடே ஓடும் சிற்றாறுகளில் வெள்ளம் வடியும்போது, மஞ்சளாய் மின்னும் கற்களைப் பொறுக்கி வருவோர் இன்றும் இருக்கிறார்கள். அப்படி என்னிடம் காட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கற்களே. அக்கற்களைவிட, அவற்றைச் சோதிக்க வீட்டில் செய்யப்படும் சில காரியங்கள்தாம் எனக்கு அதிகக் கவலை தருகின்றன.

முதல் தவறு, வெயிலில் வைத்துப் பார்த்து முடிவு செய்வது. பைரைட்டின் தட்டையான முகங்கள் கண்ணாடியைப் போல ஒளியைத் திருப்புவதால், கல்லைச் சற்றே திருப்பினால் பளிச்சிடும். நிழலுக்குக் கொண்டுவந்தால் மங்கிவிடும். பொன்னோ எந்தப் பக்கம் திருப்பினாலும், அஞ்சடி எனும் கடைமுன் நடைபாதை நிழலில் வைத்தாலும், அதே மஞ்சளாய் இருக்கும். சதுரக் கட்டிகளாக, பக்கங்களில் இணைகோடுகள் ஓட, செதுக்கி வைத்ததுபோல் இருந்தால் அது சுத்தத் தங்கம் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அந்த வடிவம் பைரைட்டுக்கே உரியது. ஆற்றில் உருண்டு வந்த பொன் பெரும்பாலும் விளிம்பு தேய்ந்த சிறு தகடாகவோ மணியாகவோ இருக்கும்.

மணலில் மினுக்கும் மெல்லிய செதில்களை நம் முன்னோர் காக்காப்பொன் என்றார்கள். அது அப்பிரகம், அதாவது மைக்கா. மணல் அலசும் அகன்ற டூலாங் தட்டில் நீர்விட்டுச் சுழற்றினால் அப்பிரகச் செதில்கள் மேலே மிதந்து நீரோடு போய்விடும். பொன் அடியில் தங்கிவிடும். செதிலை ஊசி முனையால் அழுத்தியும் பார்க்கலாம். பொன் குழியும், வளையும், பைரைட் நொறுங்கும், அப்பிரகம் ஏடு ஏடாகப் பிரியும். ஊசி கையில் இருக்கப் பல்லால் கடித்துப் பார்ப்பது வேண்டாத வேலை, ஏனெனில் பைரைட் பல்லின் எனாமலைவிடக் கடினமானது. காந்தமும் இங்கே உதவாது. பைரைட்டில் இரும்பு இருந்தாலும் சாதாரணக் காந்தத்தில் அது ஒட்டுவதில்லை. ஆகவே ஒட்டவில்லை என்பது தங்கத்துக்குச் சான்றாகாது.

உரைகல் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் படித்தவர்களும் இதில் தவறுகிறார்கள். பத்தர் பயன்படுத்தும் கறுப்பு உரைகல், பொன் என்று முன்பே தெரிந்த ஒன்றின் மாற்றை அறிவதற்கு ஏற்பட்டது. பைரைட்டை உரைத்தால் விழும் கோடு பசுமை கலந்த கறுப்பு. கறுப்புக் கல்லின்மேல் அது எளிதில் கண்ணுக்குத் தெரியாது. எனவே முதற்சோதனைக்கு வெள்ளைப் பீங்கான்தான் வேண்டும், அதுவும் பளபளப்புப் பூச்சு இல்லாத இடமாக இருக்க வேண்டும். பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடியில் தெரியும் சொரசொரப்பான வளையமே போதும். அதில் உரைத்தபின் மஞ்சள் கோடு விழுந்தால் மேற்கொண்டு சோதிக்கலாம். கருங்கோடு விழுந்தால் நீங்கள் உரைத்த அந்த மின்னும் பகுதி பொன் அன்று. மயில்கழுத்து நிறங்கள் படரும் செம்புக் கனிமமான சால்கோபைரைட்டும் இதே கருங்கோட்டைத்தான் இடும்.

கையில் வைத்துப் பார்த்து “கனமாக இருக்கிறது” என்பதும் நம்பத்தக்கதன்று. ஒரே அளவு நீரைப்போல் பொன் 19.3 மடங்கு கனம். பைரைட் ஏறத்தாழ 5 மடங்கு. சாதாரணக் கல்லைவிடப் பைரைட்டே ஏறக்குறைய இரு மடங்கு கனமாக இருப்பதால் கை ஏமாந்துவிடுகிறது. தராசு ஏமாறாது. கல்லை முதலில் உலர்ந்த நிலையில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு மின்தராசின்மேல் நீர்க் குவளையை வைத்து எண்ணைப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் முழுதும் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். 50 கிராம் கல்லுக்குத் தராசு 10 காட்டினால் அடர்த்தி 5, அதாவது பைரைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே 50 கிராம் தனிப்பொன் என்றால் தராசு 2.6 அளவில்தான் காட்டும். சமையலறைத் தராசில் இரண்டு கிராம் துணுக்கைச் சோதிப்பது வீண்; அதற்கு நுண்ணிய நகைத் தராசு தேவை. வெண்கல் ஒட்டிய கல்லாயின் கிடைப்பது கலவையின் அடர்த்தி என்பதையும் மறக்கக் கூடாது.

இவை எல்லாவற்றிலும் கொடிய தவறு, கல்லை அடுப்பில் சுடுவது. தங்கம் உருகும், போலி கருகும் என்ற எண்ணத்தில் வீட்டுக்குள்ளேயே இதைச் செய்கிறார்கள். பைரைட்டைச் சுட்டால் மூச்சை அடைக்கும் கந்தகப் புகை எழும். பகாங் தங்கப் பாறைகளிலோ பைரைட்டோடு ஆர்சனிக் அடங்கிய ஆர்சனோபைரைட்டும் சேர்ந்து வருவதுண்டு. அது சூடேறினால் பூண்டு வாடையோடு வெளிவரும் புகையில் இருப்பது வெள்ளைப் பாஷாணம். குழந்தைகள் உறங்கும் வீட்டில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். கடைகளில் கிடைக்கும் அமிலத்தை ஊற்றிப் பார்ப்பதும் இதே வகையான ஆபத்துதான்.

விரும்பிய விடை கிடைக்கும்வரை ஆளாளுக்குக் காட்டுவது மற்றொரு தவறு. ஆங்கிலேயக் கடலோடி மார்ட்டின் ஃப்ரோபிஷர் 1576இல் கனடாவின் பாஃபின் தீவிலிருந்து கொண்டுவந்த கல்லில் பொன் இல்லை என்றே இங்கிலாந்தில் முதலில் சோதித்தவர்கள் சொன்னார்கள். பின்னர் ஒருவர் உண்டு என்றார். அவர் சொல்லே எடுபட்டது. 1578க்குள் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட கல் கப்பலேறி வந்தும் அதில் பொன் கிடைக்கவில்லை.

எனினும் கருங்கோடு விழுந்த கல்லை உடனே ஆற்றில் எறிவதும் சரியன்று. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துக் கார்லின் சுரங்கப் பகுதியில், கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகப் பொன் பைரைட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அத்தகைய பொன்னை உரைத்தோ நிறுத்தோ வீட்டில் கண்டறிய முடியாது. ஆய்வுக்கூடப் பகுப்பாய்வு ஒன்றே வழி. ஆகவே கல் கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதி அதோடு பையிலிட்டு, கனிமவளப் புவி அறிவியல் துறையிடம் விசாரியுங்கள். நிலத்தடி வளம் மாநில அரசுக்கு உரியது. அனுமதி பெறாமல் அதே ஆற்றில் மீண்டும் இறங்கி மணலை அலசத் தொடங்கிவிடாதீர்கள்.