சப்வூஃபரின் முனகல் அடங்கியது

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், பாட்டு ஓடாதபோதும் சப்வூஃபர் எனும் தாழ்சுர ஒலிபெருக்கி வண்டுபோல் விடாமல் முனகியது. அதன் பின்புறம் செருகியிருந்த ஆர்சிஏ கம்பியை (ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒலிச் சைகையைக் கொண்டுவருவது) உருவியதும் ஓசை அடங்கியதால், பழுது சப்வூஃபர் பெட்டிக்குள் இல்லை என்பது உறுதியாயிற்று. கம்பியை மாற்றியும் பயனில்லை. ஆம்ப்ளிஃபயருடன் இணைந்திருந்த தொலைக்காட்சியின் ஆண்டெனா கம்பியைக் கழற்றியபோதுதான், தரையிணைப்பு (எர்த்) இரு வழிகளில் அமைந்து, அவற்றுக்கிடையே ஓடிய சிறு மின்னோட்டமே 50 ஹெர்ட்ஸ் முனகலாகக் கேட்டது என்று விளங்கியது. பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டித்துவிடுமாறு நண்பர் ஒருவர் சொன்னார். உயிருக்கே ஆபத்தான அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. ஆண்டெனா வழியில், மின்தொடர்பைப் பிரிக்கும் விரலளவு ஐசோலேட்டரைப் பொருத்தியதும் முனகல் நின்றது. ஆயினும், சோபாவில் அமர்ந்து கேட்கையில் மிருதங்கத்தின் தாழ்சுரப் பக்கமான தொப்பி மெலிந்தே ஒலித்தது. சப்வூஃபரின் ஒலியலையை மற்ற ஒலிபெருக்கிகளோடு ஒத்திசையச் செய்ய உதவும் ஃபேஸ் விசையை 0 பாகையிலிருந்து 180 பாகைக்கு மாற்றியபின், தொப்பியில் எழும் கும்கி நாதம் நெஞ்சில் அதிர்ந்தது.