கே.எல். வண்டியை டி.என். எண்ணுக்கு மாற்ற எவ்வளவு ஆகும்?

கேரளாவில் (கே.எல். எண்) புனலூர்ப் பக்கம் பழைய கார் வாங்கி, புளியரை வழியாகச் செங்கோட்டைக்குக் கொண்டுவந்து ஓட்டுபவர்கள் பலர். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது எண் வாங்கியாக வேண்டும் (மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 47). செலவு இரண்டு வகை: கட்டணம், வரி. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கட்டணம் சின்னது. மத்திய மோட்டார் வாகன விதி 81-இன்படி சொந்தக் காருக்கு 600 ரூபாய், பைக்குக்கு 300. ஸ்மார்ட் கார்டுக்கு 200. பெயர் மாற்றத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் பாதி. லோன் இருந்தால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) அதைப் பதிய காருக்கு 1,500, பைக்குக்கு 500. பதினைந்து வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிப்பதென்றால் மட்டும் கட்டணமே 5,000. இருபது தாண்டினால் 2025 ஆகஸ்ட் முதல் 10,000.

பையைக் காலி செய்வது ஆயுள்கால வரிதான். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் புதுக் காருக்கு 5 லட்சம் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. இது வருமான வரி போல் படிப்படியாக ஏறாது. முழு விலைக்கும் ஒரே விகிதம். 9.9 லட்சம் காருக்கு 1,28,700, 10.2 லட்சத்துக்கு 1,83,600. முப்பதாயிரம் விலை வித்தியாசத்துக்கு வரியில் 54,900 கூடுகிறது! பைக்குக்கு ஒரு லட்சம் வரை 10%, மேலே 12%.

பழைய வண்டிக்கு வயது கூடக்கூட விகிதம் குறையும். வயதை முதல் பதிவுத் தேதியிலிருந்து எண்ணுங்கள். விலை என்பது நீங்கள் இப்போது கொடுத்த தொகையல்ல, ஷோரூம் பில்லில் உள்ள முதல் விலை. ஆகவே விற்பவரிடம் அந்தப் பழைய பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை பெரும்பாலும் சிக்குவது என்.ஓ.சி.யில், அதாவது கேரள ஆர்.டி.ஓ. ஆபீஸ் தரும் தடையில்லாச் சான்றில். கேரளாவின் ஏ.ஐ. கேமரா அபராதம் பாக்கி இருந்தாலே நின்றுவிடும். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக் கட்டிவிடுங்கள். லோன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். என்.ஓ.சி.க்கான படிவம் 28-இல் சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு தெளிவாக இருக்க வேண்டும். பிறகு இங்கே புது எண்ணுக்குப் படிவம் 27. பெயரும் மாறுகிறதென்றால் 29, 30.

டி.என். ஆர்.சி. கைக்கு வந்ததும், அதன் நகலோடு கேரள ஆபீஸில் மீதி ஆண்டுகளுக்கான வரியைத் திருப்பிக் கேட்டு மனுப் போடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.