வயர்லெஸ் ஹெட்செட்டில் சத்தம் வெட்டுகிறதா? கடைக்குக் கொண்டுபோக முன் இதைச் செய்து பாருங்கள்

வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கொம்பனிக்கு வேலை செய்கிற ஆட்கள், ஒன்லைனில் ரியூசன் படிக்கிற பிள்ளைகள், லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்களோடு மணிக்கணக்கில் கதைக்கிற அம்மாமார் என்று யாழ்ப்பாணத்தில் இப்போது வயர்லெஸ் ஹெட்செட் இல்லாத வீடு குறைவு. அதில் சத்தம் விட்டுவிட்டு வந்தால் நாங்கள் உடனே "இன்டர்நெட் சரியில்லை" என்போம், அல்லது "ஹெட்செட் பழுது" என்போம். பல நேரங்களில் இரண்டிலும் பிழையில்லை. மேசையில் பக்கத்தில் கிடக்கிற வேறொரு சாமான்தான் குழப்பிக்கொண்டிருக்கும். என் மேசையில் அது ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். அதைப் பிடித்த வழியைத்தான் கீழே எழுதுகிறேன். பெயரிங் செய்வது, சார்ஜ் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: என்ன மாதிரிச் சத்தம் என்று வடிவாகக் கேளுங்கள்

இதைத் தாண்டிப் போகவே கூடாது. புளூடூத் ஹெட்செட்டும், கொம்பியூட்டரின் யூஎஸ்பி ஓட்டையில் செருகுகிற குட்டி டொங்கிளோடு வருகிற கேமிங் ஹெட்செட்டும் டிஜிட்டல். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் நழுவும்போது கேட்கிற இரைச்சல் இவற்றில் அலைக் குறுக்கீட்டால் வராது. குறுக்கீடு வந்தால் ஒலித் தரவு இடையில் தொலையும், தொலைந்த இடத்தில் பாட்டு அறும், 'டிக்' என்று வெட்டும், கதைக்கிறவரின் குரல் உலோகம் மாதிரி நெளியும். இப்படி விட்டுவிட்டு வருவதுதான் குறுக்கீடு.

நிற்காமல் மெல்லிய 'ஸ்ஸ்' கேட்டால் அது ஹெட்செட்டுக்குள் இருக்கிற அம்பிளிபையர், அல்லது வெளிச்சத்தத்தை அடக்குகிற நொய்ஸ் கான்சலிங். நொய்ஸ் கான்சலிங்கை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், போய்விட்டால் வேறு வேலை இல்லை. சார்ஜரில் செருகியபடி பாவிக்கும்போது மட்டும் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் முனகினால் அது எங்கள் 50 ஹெர்ட்ஸ் கரன்டோ மலிவான சார்ஜரோ. சார்ஜரைக் கழற்றுங்கள், அல்லது மாற்றுங்கள். 'புர்ர்ர்' என்று வந்தால் ஃபானைப் பாருங்கள். நொய்ஸ் கான்சலிங் ஹெட்செட்டுகளுக்கு வெளிப்பக்கம் சின்ன மைக் துளைகள் உண்டு. சித்திரை வெயிலுக்கு மேசை ஃபானை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு இருந்தால் அந்தத் துளைகளில் காற்று அடித்து, அதுவே இரைச்சலாகக் காதுக்குள் வரும். ஃபானைக் கொஞ்சம் திருப்பினால் சரி.

மேலே சொன்னவை எதற்கும் சனல் மாற்றியோ ரவுட்டரை நகர்த்தியோ பயனில்லை. வெட்டுகிற சத்தம்தான் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

படி 2: முற்றத்துக்குப் போங்கள்

ஹெட்செட்டை உங்கள் போனோடு இணையுங்கள். போனில் ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கிற பாட்டு ஒன்றைப் போடுங்கள். யூடியூப் வேண்டாம், அதில் இன்டர்நெட்டின் குற்றமும் கலந்துவிடும். போனின் வைஃபையை நிறுத்திவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி முற்றத்திலோ ஒழுங்கையிலோ நின்று கேளுங்கள். அங்கேயும் வெட்டினால் ஹெட்செட்டின் பற்றரி, அதன் மென்பொருள், இல்லை ஹெட்செட்டே பழுது. கொம்பனியின் ஆப்பில் புதிய பேர்ம்வெயார் இருந்தால் போடுங்கள், வேறொரு போனிலும் இணைத்துப் பாருங்கள், அதற்குப் பிறகும் அப்படியே என்றால் தயங்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

முற்றத்தில் சுத்தமாகக் கேட்டதென்றால் ஹெட்செட் நல்லது. இனிப் போனைக் காற்சட்டைப் பின் பொக்கெட்டில் வைத்து நடந்து பாருங்கள். சிலருக்கு இங்கேயே வெட்டத் தொடங்கும். எங்கள் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், ஹெட்செட் பாவிக்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாக உறிஞ்சும். அன்டனா எந்தக் காதுப் பக்கம் இருக்கிறது என்பது மொடலுக்கு மொடல் மாறும், ஆகவே போனை மற்றப் பக்கப் பொக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்தோடு பிரச்சினை தீருகிற ஆட்களும் உண்டு.

படி 3: யூஎஸ்பி 3 (இங்கேதான் பலர் மாட்டுப்படுகிறார்கள்)

முற்றத்தில் நல்லாக இருக்கிறது, கொம்பியூட்டர் மேசைக்கு வந்தால் வெட்டுகிறது. அப்போது எல்லாரும் ரவுட்டரைத்தான் சந்தேகிப்பார்கள். நான் முதலில் யூஎஸ்பி ஓட்டைகளைப் பார்க்கச் சொல்வேன்.

யூஎஸ்பி 3.0 வயரில் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்திலிருந்து கசிகிற ரேடியோ இரைச்சல், புளூடூத்தும் டொங்கிள்களும் பாவிக்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே வந்து விழுகிறது. இதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஒரு தொழில்நுட்ப அறிக்கையாக வெளியிட்டது. யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகியதும் அந்தப் பகுதியில் இரைச்சல் கிட்டத்தட்ட 20 டெசிபல் கூடியதை அளந்து காட்டினார்கள். 20 டெசிபல் என்றால் சக்தியில் நூறு மடங்கு. அதற்குப் பக்கத்து ஓட்டையில், ஒரு விரல் தூரத்தில், நகம் அளவு டொங்கிள் இருந்தால் அதற்கு ஹெட்செட்டின் குரல் எப்படிக் கேட்கும்?

இதைக் கண்டுபிடிக்கக் கடினமாக இருப்பதற்குக் காரணம், அது எப்போதும் வராது. டிஸ்க் செருகியிருக்கும்போதும், முக்கியமாகத் தரவு ஓடும்போதும்தான் வரும். எனக்கு இரவு மீட்டிங்கில் மட்டும் வெட்டும், பகலில் வெட்டுவதே இல்லை. இரவில்தானே எல்லாரும் இன்டர்நெட் பாவிக்கிறார்கள் என்று அதன் தலையில் போடத்தான் யாருக்கும் தோன்றும். உண்மையில் இரவு எட்டு மணிக்கு பக்கப் (கோப்புகளைப் பிரதி எடுப்பது) ஓட வைத்திருந்தேன், டிஸ்க் அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். யூஎஸ்பி 3 சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: ஹார்ட் டிஸ்க், வேகமான பென் ட்ரைவ், ஹப், யூஎஸ்பி-சி டொக், எல்லாம். நீல நிற ஓட்டை என்றால் அனேகமாக யூஎஸ்பி 3, ஆனால் நீலம் இல்லாத யூஎஸ்பி 3 ஓட்டைகளும் இருக்கின்றன, பக்கத்தில் 'எஸ்எஸ்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் கழன்ற பிறகு சத்தம் சுத்தமானால் கள்ளன் அகப்பட்டான். ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகி, செருகியதை வேலை செய்யவும் வைத்து (ஒரு பெரிய படக் கோப்பைக் கொப்பி பண்ணுங்கள்), எது என்று பிடியுங்கள்.

பிறகு மருந்து. டொங்கிளைப் பக்கத்து ஓட்டைக்கு மாற்றுவதால் ஒன்றும் ஆகாது, தூரம் போதாது. ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்குங்கள், ஒரு மீட்டர் நீளம் போதும், டொங்கிளை அதன் முனையில் செருகி மேசை மேலே, ஹெட்செட் பார்வைக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். வயர் யூஎஸ்பி 2.0 ஆக இருந்தாலே போதும், நான் வேண்டுமென்றே அதைத்தான் எடுப்பேன், விலையும் குறைவு, வேகமான கம்பிகளும் அதற்குள் இல்லை. ரவுனில் எந்தக் கொம்பியூட்டர் கடையிலும் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்கை லப்டொப்பின் மற்றப் பக்கத்துக்கு மாற்றுங்கள், அதன் வயர் மெல்லியதாக, மலிவானதாக இருந்தால் நல்ல உறையுள்ள வயர் ஒன்றைப் போடுங்கள். டெஸ்க்டொப் பெட்டியின் பின்பக்கத்தில் டொங்கிளைச் செருகியிருப்பவர்களுக்கு இன்னும் முக்கியம்: இரும்புப் பெட்டி, சுவர், வயர்க் கூட்டம் எல்லாம் அதை மறைத்துக்கொண்டு நிற்கும். டொங்கிளில் அலுமினியத் தாள் சுற்றுகிற வீடியோக்கள் ஓடுகின்றன, தயவுசெய்து செய்யாதீர்கள், அன்டனாவையே மூடிவிடுவீர்கள்.

படி 4: வைஃபை

டிஸ்க் எதுவும் இல்லை, ஆனாலும் வெட்டுகிறது என்றால் அடுத்தது இது. சாதாரணப் புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 79 சின்னச் சனல்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 தடவை வரை சனல் மாறி மாறிப் பாய்கிறது. நெரிசலான சனல்களை விட்டு விலகிப் பாயவும் 2003 முதல் அதற்குத் தெரியும். ஆகவே ஒரு வைஃபை இருப்பதால் மட்டும் அது விழாது. விலகிப் போக இடமே இல்லாமல் போனால்தான் விழும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் வாடகை அறைகளில் சுவருக்குச் சுவர் ஒரு ரவுட்டர், அங்கே அந்த நிலைதான்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். 2.4 வைஃபையில் சனல் அகலம் 40 என்றோ 'ஓட்டோ' என்றோ இருந்தால் 20 ஆக்குங்கள். 40 மெகாஹெர்ட்ஸ் என்பது கிடைக்கிற 83.5 மெகாஹெர்ட்ஸில் பாதியை ஒரு ரவுட்டரே விழுங்குவது. சனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றைப் போடுங்கள், இவை மூன்றும்தான் ஒன்றோடொன்று முட்டாதவை. எது காலியாக இருக்கிறது என்று பார்க்க ஆன்ட்ரொய்டில் 'வைஃபை அனலைசர்' வகை ஆப் ஒன்று போதும், காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் லப்டொப்பையும் போனையும் அதற்கு மாற்றிவிடுங்கள். லப்டொப்புக்கு இது இரட்டைப் பலன், ஏனென்றால் பல லப்டொப்களில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே சில்லு, அன்டனாவும் பொது. இரண்டும் 2.4 இல் நின்றால் மாறி மாறித்தான் கதைக்க வேண்டியிருக்கும்.

4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதன் இடத்தையும் பாருங்கள். வீட்டு 4ஜி ரவுட்டர்கள் பேண்ட் 40 என்ற 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதியில் ரவரோடு கதைப்பதுண்டு. அது புளூடூத் பகுதிக்கு ஒட்டின அயல். சிக்னல் குறைந்த வீட்டில் ரவுட்டர் பலமாகக் கத்தும், அது உங்கள் லப்டொப்புக்குப் பக்கத்திலேயே இருந்தால் புளூடூத்துக்குக் காது அடைக்கும். ஜன்னல் பக்கம், மேசையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, உயரத்தில் வையுங்கள். சிக்னலும் கூடும். இரும்பு அலுமாரிக்கு மேலே மட்டும் வேண்டாம்.

மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. குசினியில் சோறு சூடாக்கும்போது மட்டும் வெட்டினால் காரணம் அதுதான், ஓடுகிற இரண்டு நிமிடமும் தள்ளி நில்லுங்கள்.

பின்னர் சேர்த்தது

இதைப் போட்ட பிறகு வந்த கேள்விகளில் அதிகம் வந்தது: "பாட்டு நல்லாக் கேட்குது அண்ணா, சூம் மீட்டிங்கில் சேர்ந்த உடனே சத்தம் தகரத்துக்குள்ளால வாற மாதிரி இருக்கு." இது குறுக்கீடே இல்லை. மைக்கைத் திறந்ததும் சாதாரணப் புளூடூத் பாட்டு முறையிலிருந்து அழைப்பு முறைக்கு மாறும், ஸ்டீரியோ போய் மோனோ ஆகும், ஒலியின் மாதிரி வேகம் 16 கிலோஹெர்ட்ஸுக்கோ பழைய சாதனமென்றால் 8 கிலோஹெர்ட்ஸுக்கோ இறங்கிவிடும். மீட்டிங் செயலியின் ஓடியோ செட்டிங்கில் மைக் என்ற இடத்தில் லப்டொப்பின் சொந்த மைக்கைத் தெரிவு செய்யுங்கள், ஸ்பீக்கர் ஹெட்செட்டாகவே இருக்கட்டும். உடனே வித்தியாசம் தெரியும்.

ஐபோன் வைத்திருக்கிற ஒரு தங்கச்சி வைஃபை அனலைசர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். ஆப்பிளின் 'எயார்போர்ட் யூட்டிலிட்டி' ஆப்பை இறக்குங்கள், பிறகு போனின் செட்டிங்ஸுக்குள் அந்த ஆப்பின் பெயரைத் தேடி, அதில் வைஃபை ஸ்கானரை இயக்குங்கள். ஆப்புக்குள் தேடினால் அந்தப் பொத்தான் இருக்காது, அதனால்தான் பலருக்கு அகப்படுவதில்லை.

இன்னொருவருக்கு எல்டாக் (புளூடூத்தில் பாட்டை உயர் தரத்தில் அனுப்புகிற முறை, LDAC) பாவிக்கிற ஹெட்செட், பஸ் நிலையத்தில் நின்றால் மட்டும் வெட்டுமாம். எல்டாக் உச்சத்தில் நொடிக்கு 990 கிலோபிட் கேட்கும், சன நெரிசலில் அவ்வளவும் போய்ச் சேராது. போனின் டெவலப்பர் செட்டிங்கில் அதை 660க்கோ 330க்கோ இறக்குங்கள், அல்லது ஏஏசி (AAC) என்ற மற்ற முறைக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, ரீவியோடு வருகிற பழைய வயர்லெஸ் ஹெட்போன். அப்பாவுக்காக வாங்கியது, எப்போதும் இரைகிறது என்று எழுதியவருக்கு: உங்களுடையது அனலொக்காக இருக்கலாம், அந்த வகை பலவும் 863 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் எஃப்எம் முறையில் வேலை செய்பவை. படி 1இல் சொன்னது அதற்குப் பொருந்தாது, அதில் குறுக்கீடு இரைச்சலாகவே வரும். ரீவியோடு இணைக்கிற அடித்தட்டில் சனல் மாற்றுகிற சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், அதை மாற்றிவிட்டு ஹெட்போனிலும் திரும்ப டியூன் பண்ணுங்கள். ரீவியின் வொலியூம் மிகக் குறைவாக இருந்தாலும் அந்த வகை இரையும், ஆகவே ரீவியில் கூட்டி ஹெட்போனில் குறைத்து வையுங்கள்.